இருட்டில் ஆடும் தோணி

கொற்கைக்குப் போகிறவர்கள் கடலைத் தேடி ஏமாறுவது வழக்கம். பாண்டியரின் துறைமுகம், தாலமி குறித்து வைத்த முத்துப் பட்டினம், இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரலுக்குப் பக்கத்தில் வயலும் குளமுமாக இருக்கும் ஒரு சிற்றூர். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் ஆறேழு கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. துறைமுகமும் ஊர் ஊராக மாறியது: கொற்கையிலிருந்து பழையகாயல், அங்கிருந்து புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி. முத்து மட்டும் இடம் மாறவில்லை. கரையிலிருந்து தள்ளிக் கடலடியில் கிடக்கும் ‘பார்’களில்தான் சிப்பி அன்றும் வளர்ந்தது, 1961-இல் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளித்தபோதும் அங்கேதான் எடுத்தார்கள்.

முத்தை விலை பேசுகிறவர் முதலில் பார்ப்பது உருட்சி, அடுத்தது நீரோட்டம் என்கிற மினுக்கு. அந்த நீரோட்டம் எங்கிருந்து வருகிறது என்பது சாதாரணக் கேள்வி இல்லை. ஏனென்றால் முத்தின் வேதியியல் சப்பென்றது: கால்சியம் கார்பனேட். கரையில் காலில் குத்தும் கிளிஞ்சலும் அதே பொருள்தான். அதைச் சுட்டுத்தான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு ஆக்குகிறோம். முத்தைக் குறுக்கே அறுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் வித்தியாசம் தெரியும். ஆரகனைட் என்ற படிகத்தின் மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மைக்ரான் கனம், நடுவில் புரதப் பசை, அதன்மேல் அடுத்த தகடு என்று ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் அரை மைக்ரான் சுமார்தான். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்தும் அழித்தும் வரும்போது, வெறும் சுண்ணாம்புக்கு நீரோட்டம் கிடைத்துவிடுகிறது. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சுவாமி இந்தியாவின் முதல் வளர்ப்பு உருண்டை முத்தை எடுத்துக் காட்டினாரே, அவர் செய்ததும் சிப்பிக்குள் ஒரு மணியையும் கொஞ்சம் சவ்வுத் திசுவையும் வைத்து, மேலே அடுக்கடுக்காகப் பூசும் வேலையைச் சிப்பியிடமே விட்டதுதான்.

பொருள் என்ன என்பதைவிட அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது சில இடங்களில் முக்கியமாகிவிடும். இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட வேறொரு பொருளைப் பற்றியது. ஆனால் அதற்குப் போகும் வழியும் முத்து வழியாகத்தான் போகிறது, சி.வி. ராமன் அந்த வழியில் நிற்பதால்.

ராமனுக்குச் சிப்பி, முத்து, பதுமராகம் என்று மினுங்கும் எதையும் விட மனம் வராது. 1930-இல் நோபல் வாங்கி முடித்தவர், தாம் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில், அதன் முதல் தொகுதியிலேயே, நிறம் காட்டும் சிப்பிகளைப் பற்றி எழுதினார். 1954-இல் டி. கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்தின் அமைப்பையும் அதன் ஒளியியலையும் பற்றி ஒரு கட்டுரை வந்தது. உலகமே அணுக்கரு இயற்பியலின் பின்னால் ஓடிய காலத்தில் பெங்களூரில் உட்கார்ந்து முத்தை உருட்டிக்கொண்டிருந்தவரைச் சிலர் கேலிகூடச் செய்திருக்கலாம். எனக்கு அது ராமனின் ஆகச் சிறந்த குணங்களில் ஒன்றாகப் படுகிறது.

அவருக்கு நோபல் வாங்கித் தந்த கண்டுபிடிப்பு 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி கல்கத்தாவில் நடந்தது. ஒற்றை நிற ஒளியை ஒரு பொருள்மேல் பாய்ச்சினால், சிதறி வருவதில் ஏறக்குறைய எல்லாமே அதே நிறத்தில் வரும். கோடியில் ஒரு பங்கு போல மிகச் சொற்பமான ஒளி மட்டும் சற்றே நிறம் மாறி வரும். அந்த ஒளி பொருளுக்குள் இருக்கும் ஏதோ ஓர் அதிர்வுக்குத் தன் ஆற்றலில் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. எவ்வளவு குறைந்தது என்று அளந்தால் உள்ளே என்ன சுருதியில் எது அதிர்கிறது என்று தெரிந்துவிடும். அணுவைத் தொடாமலே அதன் நடுக்கத்தைக் கேட்கும் வித்தை இது.

ராமனோடு அந்த ஆராய்ச்சியில் நின்றவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஊர். அவருடைய பெயரை ராமன் விளைவோடு மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அவர் பிறகு செய்த வேலைகளில் ஒன்று கிராஃபைட்டைப் பற்றியது. 1939-இல் அவரும் என். கங்குலியும் சேர்ந்து, கிராஃபைட்டில் மின்சாரம் திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்று அளந்து சொன்னார்கள். தகட்டின் வாக்கில் எலக்ட்ரான்கள் சரசரவென்று ஓடுகின்றன. தகட்டுக்குத் தகடு தாவ வேண்டுமென்றால் திணறுகின்றன. முப்பரிமாண உலகத்தில் இருக்கும் ஒரு கட்டி, அதிலுள்ள எலக்ட்ரான்களுக்கு மட்டும் ஏறக்குறைய இரு பரிமாணமாக இருக்கிறது. ‘குறைபரிமாணப் பொருள்’ என்று இன்று இயற்பியலாளர்கள் சொல்வது இதைத்தான்.

அந்த வகையறாவில் ஒன்று நியோபியம் டைசெலினைடு. கையில் எடுத்தால் கருஞ்சாம்பல் நிறத்தில் பளபளக்கும் சிறு சில்லு. ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தால் தகடு தகடாகக் கழன்று வரும். ஒரு தகடு என்பது மூன்று அணு வரிசை: நடுவில் நியோபியம், மேலும் கீழும் செலினியம். தகட்டுக்குள் பிணைப்பு பலமானது, தகடுகளுக்கு இடையில் பலவீனமானது. இவ்வளவுதான் அதன் அமைப்பு. ஆனால் இதைக் குளிர வைத்தால் இரண்டு விசித்திரங்கள் அடுத்தடுத்து நடக்கின்றன.

முதல் விசித்திரம் 33 கெல்வினில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 240 டிகிரி செல்சியஸில். அதுவரை தகடு முழுக்கச் சமமாகப் பரவியிருந்த எலக்ட்ரான்கள் இப்போது வரி வரியாகத் திரள்கின்றன. ஓரிடத்தில் சற்று அதிகம், அடுத்த இடத்தில் சற்றுக் குறைவு, மறுபடி அதிகம். அணுக்களும் அந்தத் திரட்சிக்கு ஏற்ப மிகச் சிறிது நகர்ந்துகொள்கின்றன. ஊடுருவு நுண்ணோக்கி என்று ஓர் ஊசிமுனைக் கருவி உண்டு, அணுவை ஒவ்வொன்றாகத் தடவிப் படமெடுப்பது. அதில் பார்த்தால் முக்கோண ஒழுங்கில் நிற்கும் அணுக்களில் ஏறக்குறைய மூன்றாவது அணு தோறும் கூடுதலாக மின்னும். இதற்கு மின்னூட்ட அடர்த்தி அலை என்று பெயர். கடலலை போல ஓடுவதில்லை, நின்ற இடத்திலேயே நிற்கும் அலை. ருடால்ஃப் பையர்ல்ஸ் இதற்கான காரணத்தை முன்பே சொல்லியிருந்தார்: ஒற்றை வரிசையில் நிற்கும் அணுக்கள் சீரான இடைவெளியை விட்டுக் கொஞ்சம் கூடியும் விலகியும் நின்றால், எலக்ட்ரான்களின் மொத்த ஆற்றல் குறையும். அணுக்களை நகர்த்தச் செலவாகும் ஆற்றலைவிட எலக்ட்ரான்களுக்குக் கிடைக்கும் லாபம் பெரிது என்றால் அலை உண்டாகிவிடும். பரிமாணம் குறையக் குறைய இந்தக் கணக்கு லாபத்தில் முடிய வாய்ப்பு அதிகம். தகட்டுப் பொருள்களில் இது உண்மையிலேயே நடக்கிறது என்று 1974-இல் பெல் ஆய்வகத்தில் ஜான் வில்சன், ஃபிரான்சிஸ் டி சால்வோ, சுபாஷ் மகாஜன் மூவரும் காட்டினார்கள்.

இரண்டாவது விசித்திரம் 7.2 கெல்வினில். மின்தடை மறைந்துவிடுகிறது. குறைவதில்லை, முழுக்க இல்லாமல் போகிறது. மீக்கடத்துதிறன்.

மீக்கடத்துதிறனை முதலில் கண்டவர் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் ஹைக்கே கமர்லிங் ஓன்னஸ். 1911 ஏப்ரல் 8-ஆம் தேதி, பாதரசத்தில், 4.2 கெல்வினுக்குப் பக்கத்தில். அவ்வளவு குளிருக்குப் போக அவருக்குத் திரவ ஹீலியம் வேண்டியிருந்தது. ஹீலியத்துக்கு அவர் நம்பியது மோனசைட் மணலை. அதிலுள்ள தோரியம் யுக யுகமாகச் சிதைந்து வெளியிடும் ஹீலியம் மணல் துகளுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். சூடாக்கினால் வெளியே வரும். ஓன்னஸுக்கு அமெரிக்காவிலிருந்து மணல் மூட்டை போனது. 1908-இல் அவர் ஹீலியத்தைத் திரவமாக்கியதற்கு அடுத்த ஆண்டுதான் குமரிக் கடற்கரையில், மணவாளக்குறிச்சிப் பக்கம், அதே மோனசைட் இருப்பது வெளியே தெரிந்தது. ஒரு வருடம் முந்தியிருந்தால் நம் கரையின் மணல்கூட லைடனுக்குப் போயிருக்கலாம்.

மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இணை சேர்கின்றன. ஒன்றையொன்று விலக்கும் எலக்ட்ரான்கள் எப்படி இணையும்? ஓர் எலக்ட்ரான் போகிற வழியில் நேர்மின் அயனிகளைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கிறது. அயனிகள் கனமானவை, மெதுவாகத்தான் பழைய இடத்துக்குத் திரும்பும். அதற்குள் வரும் இரண்டாவது எலக்ட்ரானை அந்த நேர்மின் தடம் கவர்கிறது. இப்படி இணைந்த எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து ஒரே அலையாகக் கலந்துவிடுகின்றன. ஓர் இணையைப் பிரிக்கக் குறைந்தபட்சம் இவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று ஓர் இடைவெளி விழுகிறது. அந்த விலையைக் கொடுக்காத எந்த இடையூறும் ஓட்டத்தைத் தடுக்க முடியாது. 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் இதைக் கோட்பாடாக எழுதினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலை உண்டாவதற்குக் காரணம் எலக்ட்ரான்களுக்கும் அணுக்களின் அசைவுக்கும் உள்ள உறவு. இணை சேர்வதற்கும் அதே உறவே காரணம். அலை தன் பங்குக்குச் சில எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அவை இணை சேர வர முடியாது. வேர் ஒன்று, முதலும் ஒன்று. பங்காளிச் சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

சண்டை எண்களிலேயே தெரிகிறது. டான்டலம் டைசெலினைடில் அலை 122 கெல்வினிலேயே வந்துவிடும். மீக்கடத்துதிறனோ ஒரு கெல்வினுக்கும் வெகு கீழே. டான்டலம் டைசல்ஃபைடில் அலை 75 கெல்வின், மீக்கடத்துதிறன் 0.8. நியோபியம் டைசெலினைடில் அலை 33-க்கு இறங்கியதும் மீக்கடத்துதிறன் 7.2-க்கு ஏறிவிட்டது. ஒருவன் இளைத்தால் மற்றவன் பருக்கிறான். ஆனால் இந்தக் கணக்கை ஒரேயடியாக நம்பவும் முடியாது. நியோபியம் டைசல்ஃபைடில் அலையே கிடையாது. போட்டியே இல்லாத அந்த இடத்தில் மீக்கடத்துதிறன் இன்னும் ஓங்கியிருக்க வேண்டும், ஆனால் 6 கெல்வின் சுமாரிலேயே நின்றுவிடுகிறது.

இன்னும் தெளிவான சான்று டைட்டேனியம் டைசெலினைடு. அது 200 கெல்வின் சுமாரிலேயே அலைக்குள் விழுந்துவிடும், மீக்கடத்துவதே இல்லை. 2006-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எமிலியா மொரோசன், ராபர்ட் காவா குழுவினர் அதன் தகடுகளுக்கு நடுவே செம்பு அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்தார்கள். செம்பு ஏற ஏற அலை தளர்ந்தது. நூற்றுக்கு நான்கு என்ற அளவைத் தாண்டியதும் மீக்கடத்துதிறன் தலைகாட்டியது. எட்டுக்கு வந்தபோது 4.15 கெல்வினில் உச்சம் தொட்டது.

இந்தப் படிகத்தின் பொருள் பட்டியலைத் தூத்துக்குடிக்காரர் யாராவது படித்தால் ஒரு கணம் நிற்பார். டைட்டேனியத்தின் தாது இல்மனைட். சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் இருக்கிறது. 2007-இல் அதை அள்ள டாடா நிறுவனம் வந்தபோது நிலம் கொடுக்க மாட்டோம் என்று ஊர்கள் எதிர்த்து நின்றதும், திட்டம் கிடப்பில் போனதும் பலருக்கு நினைவிருக்கும். செம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2018 மே மாதம் தூத்துக்குடியில் செம்பு உருக்காலையை எதிர்த்தவர்கள்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போன பிறகு அந்த ஆலை மூடிக் கிடக்கிறது. செலினியம்? உலகத்தில் அது பெரும்பாலும் கிடைப்பதே செம்பைச் சுத்திகரிக்கும் தொட்டியின் அடியில் படியும் சேற்றிலிருந்துதான். ஊரில் ஆறாத சண்டைகளாக இருக்கும் தனிமங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மில்லிமீட்டர்ச் சில்லில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. இதற்கு மேல் இதில் அர்த்தம் தேட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டால், அலையும் மீக்கடத்துதிறனும் ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கின்றன, அவ்வளவுதான் என்று தோன்றும். 1980-இல் வந்த ஒரு சின்னக் கட்டுரைதான் கதையைத் திருப்பியது. எழுதியவர்கள் இரண்டு பேர்: இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மைல்ஸ் கிளைன், அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த ரத்னசிங்கம் சூரியகுமார். பின்னாளில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். பெயரைப் பார்த்ததும் நமக்கு ஒரு துள்ளல் வரும், வரட்டும், தப்பில்லை. ஆனால் அவர் செய்த வேலைக்கு அந்தத் துள்ளல் தேவையே இல்லை.

அவர்கள் எடுத்துக்கொண்டது ராமனின் வித்தையை. பொருள் நியோபியம் டைசெலினைடு. வெப்பநிலை 2 கெல்வின் அளவு. இதில் இருக்கும் சங்கடத்தை யோசித்துப் பாருங்கள். மீக்கடத்தியின் இடைவெளி ஏறக்குறைய 2 மில்லி எலக்ட்ரான் வோல்ட். பாய்ச்சும் லேசர் ஒளியின் ஆற்றல் அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். ஆகவே தேடுகிற நிறமாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. லேசரின் சொந்தக் கூச்சத்துக்குள்ளேயே அமுங்கிப் போகக்கூடியது. லேசரைக் கொஞ்சம் கூட்டினால் சில்லு சூடாகி மீக்கடத்துதிறனே போய்விடும். குறைத்தால் கோடியில் ஒரு பங்காக வரும் ஒளி இன்னும் மங்கும். அந்த மங்கலில் பொறுமையாகக் காத்திருந்து ஒளித்துகள்களை எண்ண வேண்டும்.

எண்ணியபோது தெரிந்தது இது. 7.2 கெல்வினுக்கு மேலே, அலை மட்டும் இருக்கும் நிலையில், அலையின் சொந்த அதிர்வு ஒரு மேடாகத் தெரிந்தது. திரட்சி கூடிக் குறைந்து துடிக்கும் அதிர்வு அது. மீக்கடத்தும் நிலைக்குப் போனதும், அந்த மேட்டுக்கு வெகு கீழே, இடைவெளியின் ஆற்றலுக்கு மிக அருகில், புதிதாக மேடுகள் எழுந்தன. புதியது வளர்ந்த அளவுக்குப் பழைய மேடு தேய்ந்தது. காந்தப்புலத்தைக் கூட்டி மீக்கடத்துதிறனை நசுக்கினால் புதியது தேய்ந்து, பழையது தன் பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஒரு கணக்கிலிருந்து எடுத்து மற்றொரு கணக்கில் வரவு வைத்தது போல அவ்வளவு துல்லியமான கொடுக்கல் வாங்கல்.

புதிய மேடு என்ன? 1981-இல் பீட்டர் லிட்டில்வுட், சந்திர வர்மா இருவரும் பதில் சொன்னார்கள். மீக்கடத்தியின் அந்த ஒரே பெரிய அலைக்கும் ஒரு வீச்சு உண்டு. எவ்வளவு பலமாக இணைகள் சேர்ந்திருக்கின்றன என்பது அது. அந்த வீச்சும் தன் நிலையிலிருந்து கூடிக் குறைந்து துடிக்கலாம். கோட்பாடு அப்படித்தான் சொன்னது. ஆனால் யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் வழியில்லை. ஏனென்றால் அந்தத் துடிப்புக்கு மின்னூட்டம் இல்லை, ஒளியோடு நேரடித் தொடர்பு இல்லை. லேசரைப் பாய்ச்சினால் ஒளி அது பாட்டுக்குத் தன் வழியில் போய்விடும்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் இரவில் இரண்டு தோணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் பாய்மரத்தில் விளக்கு எரிகிறது, மற்றொன்று முழு இருட்டு. கரையில் நிற்பவருக்கு விளக்குத் தோணி மட்டும்தான் தெரியும். இரண்டுக்கும் இடையில் கயிறு இல்லையென்றால் இருட்டுத் தோணி அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. கயிறு இருந்தால், விளக்கின் ஆட்டத்தில் அந்தத் தோணிக்குச் சொந்தமில்லாத இன்னொரு தாளமும் கலந்து வரும். அந்த இரண்டாவது தாளத்தை வைத்தே இருட்டில் என்ன கனத்தில் என்ன ஆடுகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

விளக்குத் தோணி மின்னூட்ட அடர்த்தி அலை. அதன் துடிப்புக்கு ஒளியோடு தொடர்பு உண்டு. அலை துடிக்கும்போது, இணை சேரக் கிடைக்கும் எலக்ட்ரான்களின் அளவு கூடிக் குறைகிறது; அதனால் மீக்கடத்தியின் வீச்சும் சேர்ந்து ஆடுகிறது. அந்தப் பங்காளிச் சண்டையேதான் கயிறு. ஒரே எலக்ட்ரான்களுக்காக இரண்டும் அடித்துக்கொள்ளாவிட்டால் அந்தத் துடிப்பு கண்ணில் பட்டே இருக்காது.

இந்தத் துடிப்புக்கு இன்னொரு பெயர் பிற்பாடு பிரபலமானது. 1963-இல் ஃபிலிப் ஆண்டர்சன், மீக்கடத்தியில் நடப்பதுபோல வெற்றிடத்திலும் நடந்தால் துகள்களுக்கு நிறை கிடைக்க வழி உண்டு என்று எழுதினார். அடுத்த ஆண்டு பீட்டர் ஹிக்ஸ் உள்ளிட்டோர் அதைத் துகள் இயற்பியலில் முழுமையாக்கினார்கள். வெற்றிடத்தை நிறைத்திருக்கும் புலத்தின் வீச்சு துடித்தால் அது ஹிக்ஸ் துகள். மீக்கடத்தியின் வீச்சு துடித்தால்? கணிதம் ஒன்றுதான். 2002-இல் வர்மா தம் கட்டுரைத் தலைப்பிலேயே ‘மீக்கடத்தியில் ஹிக்ஸ்’ என்று வெளிப்படையாக வைத்துவிட்டார். 2012 ஜூலை 4 அன்று செர்ன் அறிவித்த ஹிக்ஸ் துகளின் ஆற்றல், நியோபியம் டைசெலினைடில் தெரிந்த துடிப்பைப் போல ஏறத்தாழ 60 லட்சம் கோடி மடங்கு. அதற்கு 27 கிலோமீட்டர்ச் சுரங்கம் தேவைப்பட்டது. இதற்கு ஒரு லேசர், ஒரு குடுவை ஹீலியம், ஒரு சில்லு.

ஹிக்ஸ் துகளைப் பற்றித் தமிழில் அந்த ஆண்டு வந்த கட்டுரைகள் கொஞ்சநஞ்சமல்ல. ‘கடவுள் துகள்’ என்று பெயரிட்டுப் பட்டிமன்றம் வரைக்கும் போனது. அவற்றில் எதிலும் சூரியகுமார் பெயரை நான் பார்த்ததில்லை. சுரங்கத்துக்குக் கிடைக்கும் புகைப்படம் சில்லுக்குக் கிடைக்காது என்பது தெரிந்ததுதான், ஆனாலும் முப்பத்திரண்டு ஆண்டு முந்திய சங்கதி.

லிட்டில்வுட்டும் வர்மாவும் சொன்ன விளக்கத்தை எல்லாரும் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. சும்மா இணை முறிவதால் வரும் மேடாகவும் இருக்கலாமே என்ற சந்தேகம் இருந்தது. தீர்க்க ஒரு வழி: அலையை எடுத்துவிட்டுப் பார்ப்பது. 2014-இல் பாரிஸில் மாரி-ஓட் மெஸ்ஸோன் குழுவினர் நியோபியம் டைசெலினைடையும் அலையே இல்லாத நியோபியம் டைசல்ஃபைடையும் அருகருகே வைத்து அளந்தார்கள். சல்ஃபைடில் அந்தக் கூர்மையான மேடு இல்லை. பிறகு அதே வட்டாரத்து ஆய்வாளர்கள் அழுத்தத்தைக் கூட்டி அலையை அமுக்கினார்கள். மீக்கடத்துதிறன் அப்படியே இருக்கையிலேயே மேடு மறைந்தது. விளக்கை அணைத்ததும் இரண்டாவது தாளமும் கண்ணுக்கு எட்டாமல் போனது. இதற்கெல்லாம் முன்பே, 2013-இல், டோக்கியோவில் ரியோ ஷிமானோ குழுவினர் அலையின் உதவியே இல்லாமல், நியோபியம் நைட்ரைடு வகைப் பொருளை டெராஹெர்ட்ஸ் துடிப்பால் ஓங்கி அடித்து வீச்சை ஆட வைத்தும் காட்டிவிட்டார்கள். அது முரட்டு வழி. பலன் உண்டு, ஆனால் எனக்கு 1980-இன் வழிதான் அழகு.

இப்போது இந்தத் துறையில் கூட்டம் அதிகம். 2012-இல் செம்பு ஆக்சைடு மீக்கடத்திகளில், அதாவது 90 கெல்வினுக்கு மேலும் மீக்கடத்தும் அந்தப் புகழ்பெற்ற குடும்பத்தில், இதே மாதிரி மின்னூட்ட அலை ஒளிந்திருப்பது தெரிய வந்தது. முக்கோணமும் அறுகோணமுமாக வனேடியம் அணுக்கள் பின்னி நிற்கும் சீசியம்-வனேடியம்-ஆண்டிமனிச் சேர்மத்தில் 94 கெல்வினில் அலையும் 2.5 கெல்வினில் மீக்கடத்துதிறனும் ஒரே சில்லில் இருக்கின்றன. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதாப் ராய்சௌத்ரி குழுவினர், சிறிது கோபால்ட் கலந்த நியோபியம் டைசெலினைடில் காந்தச் சுழல்கள் எப்படி அணிவகுக்கின்றன, எப்படிக் கலைகின்றன என்று ஊசிமுனைக் கருவியில் ஒவ்வொன்றாகப் படமெடுத்தார்கள்.

எனக்குப் பிடித்த வழக்கு வேறு. இன்னும் தீர்ப்பு வராதது. தகடு தகடாக உரித்து, கடைசியில் ஒற்றைத் தகடு, மூன்று அணுக் கனம் மட்டும் மிஞ்சினால் இந்தப் பங்காளிகள் என்ன ஆவார்கள்? 2015-இல் ஷியாவ்ஷியாங் ஷி, கின் ஃபாய் மாக், ஜீ ஷான் ஆகியோர் அடங்கிய குழு அப்படி ஒற்றைத் தகட்டை எடுத்து ராமன் சிதறலில் பார்த்தது. மீக்கடத்துதிறன் 3 கெல்வின் சுமாருக்கு இறங்கியிருந்தது. அலையோ 33-லிருந்து 145 கெல்வினுக்கு எகிறியிருந்தது. பரிமாணம் குறைந்தால் அலைக்குக் கொண்டாட்டம் என்ற பையர்ல்ஸ் கணக்குக்கு இது ஒத்துப்போகிறது. அடுத்த ஆண்டே மிகேல் உகேடாவும் கூட்டாளிகளும் கிராஃபீன்மேல் வளர்த்த ஒற்றைத் தகட்டை ஊசிமுனையால் தடவிப் பார்த்தார்கள். மீக்கடத்துதிறன் 1.9 கெல்வின். அலை எகிறவே இல்லை. 25-க்கும் 45-க்கும் நடுவில், கட்டியில் இருந்த இடத்திலேயே, சாதுவாக இருந்தது.

இரண்டு குழுவும் கைதேர்ந்தவர்கள். ஒருவர் டேப்பில் உரித்தார், மற்றவர் ஆவியில் வளர்த்தார். ஒருவருடைய தகடு மின்கடத்தாப் பரப்பில் படுத்திருந்தது. மற்றவருடையது கிராஃபீன் மேல், அங்கிருந்து சில எலக்ட்ரான்கள் இந்தப் பக்கம் நழுவி வந்திருக்க இடமுண்டு. ஒருவர் ஒளியை வைத்துத் துடிப்பைக் கேட்டார், மற்றவர் ஊசியை வைத்து உருவத்தைப் பார்த்தார். மூன்று அணுக் கனம் என்றால் அடியில் விரித்திருப்பதும் பாதிப் பொருள் மாதிரிதான். அதனால் இருவர் சொல்வதும் அவரவர் தகட்டுக்குச் சரியாகவே இருக்கலாம். ஆகவே இப்போது ஆய்வகங்களில் நடப்பது, அடியில் எதை விரிப்பது என்பதை மாற்றி மாற்றி, அதே சில்லை மறுபடி மறுபடி குளிர வைத்துப் பார்க்கும் வேலை.